கடலூர் - சிதம்பரம் சாலையில் காற்றைத் திருப்பிய சின்னக் கண்ணாடி

கடலூரில் காற்றுக்கு நேரம் உண்டு. விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும். வெயில் ஏறி மண் சூடானதும், கடலிலிருந்து ஊருக்குள் திரும்பும். மாலை நான்கு மணிக்கு தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் சுண்டல் வாங்கினால், பொட்டலத்தை ஒரு கையால் மூடிக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் பாதி சுண்டலில் மணல் இருக்கும்.

இந்தக் காற்றுக்கு நடுவே கார் ஓட்டியவர்கள், ஏ.சி. என்ற ஒன்றைக் கேள்விப்படாத காலத்தில், அதை அடக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். காரின் முன்கதவில், பெரிய கண்ணாடிக்கு முன்னால், முக்கோண வடிவில் ஒரு சின்னக் கண்ணாடி. விரலால் கொக்கியை நீக்கித் தள்ளினால் கதவு போலத் திரும்பும். அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் பயணம் செய்த எவருக்கும் அது மறக்காது. மெக்கானிக்குகள் அதை குவார்ட்டர் கிளாஸ் என்பார்கள். வீட்டில் பிள்ளைகளுக்கு அது வெறும் ‘சின்னக் கண்ணாடி’.

இன்று அந்தக் கார்களில் பல, வீட்டின் பின்பக்க ஷெட்டிலோ வேப்பமரத்தடியிலோ டயர் இறங்கி நிற்கின்றன. அதன் கண்ணாடிகளும் பட்டைகளும், தாத்தா ஆசையாக வாங்கி மாட்டிய உதிரிகளும் ஒரு கோணிப்பைக்குள் போய்விட்டன. பழைய இரும்புக் கடைத் தராசில் அவற்றுக்குத் தனி மரியாதை கிடையாது. எல்லாம் கிலோ கணக்குதான். அந்தப் பையை எடைக்குப் போடும் முன், அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ஒரு பழைய காரில் போய் வருவதுபோல் சிறந்த வழி வேறில்லை.

இடது பக்கம் கொண்டல்

தமிழில் காற்றுக்குத் திசைக்கு ஒரு பெயர் உண்டு. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை, கிழக்கிலிருந்து கொண்டல். கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய நேர் தெற்கு. கடல், வழி நெடுக இடது கைப்பக்கம். அதனால் பிற்பகலில் புறப்படும் காருக்கு, கொண்டல் இடது பக்கத்துக் கண்ணாடியில்தான் மோதும். ஓட்டுபவர் வலது பக்கம். காற்று வாங்குவது, அவர் பக்கத்தில் இருப்பவர்.

அந்த இடம் பெரும்பாலும் வீட்டில் மூத்தவருக்கு உரியது. மடியில் ஒரு சின்னப் பிள்ளை இருக்கும். பின் சீட்டில் நான்கைந்து பேர். மஞ்சக்குப்பம் தாண்டி, கெடிலம் ஆற்றைக் கடந்து, முதுநகர் வழியாக ஊரைவிட்டு வெளியே வருவதற்குள் யாராவது ஒருவர் முகம் சுளிப்பார்கள். “என்னம்மா, வயித்தைப் பிரட்டுதா? முன்னாடி வா. அந்தச் சின்னக் கண்ணாடிகிட்ட மூஞ்சியை வச்சுக்க” என்று ஒரு குரல் வரும். பெட்ரோல் வாசனைக்கும் ரெக்சின் சீட்டின் சூட்டுக்கும் அதுதான் மருந்து.

அந்தக் கண்ணாடி செய்த வேலை எளிமையானது. மேலும் கீழும் உள்ள இரண்டு ஊசிகளில் அது சுழலும். கொஞ்சமாகத் திறந்தால் பின் விளிம்பு வெளியே நீளும். ஓடும் காரின் பக்கவாட்டில் விரையும் காற்று அந்த விளிம்பைத் தாண்டும்போது, அதன் பின்னால் அழுத்தம் குறையும். காருக்குள் இருக்கும் சூடான காற்றையும் சுருட்டுப் புகையையும் அந்த இடைவெளி வெளியே இழுத்துவிடும். உள்ளே இருப்பவர் தலைமுடி கலையாது.

அதையே முழுதாகத் திருப்பினால் கதை தலைகீழ். கண்ணாடி ஒரு முறம் போல எதிர்க்காற்றை வாரி உள்ளே கொட்டும். சிந்தாமல் அளந்து எடுக்கலாம், அள்ளிக் கொட்டவும் செய்யலாம். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. விரல் மட்டும் போதும்.

எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு கார் உடல் கட்டித் தந்த ஃபிஷர் பிரிவு, 1933-ம் ஆண்டு மாடல்களில் இந்த ஏற்பாட்டைப் பரவலாகக் கொண்டுவந்தது. அங்கே அதன் பெயருக்கு ‘முகத்தில் அடிக்காத காற்றோட்டம்’ என்று பொருள். சில ஆண்டுகளில் உலகின் பெரும்பாலான கார்களில் அது இடம்பிடித்தது.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் இறுதியில் அம்பாசிடரைத் தயாரிக்கத் தொடங்கியபோது, சின்னக் கண்ணாடியும் கூடவே வந்தது. மும்பையின் பிரீமியர் நிறுவனம் தயாரித்த ஃபியட் 1100-லும், 1970-களில் அதற்கே பத்மினி என்று பெயர் மாறிய பிறகும் அது தொடர்ந்தது.

அதன் அந்திமக்காலத்தைத் தொடங்கி வைத்ததும் வெளிநாடுதான். 1964-ல் இங்கிலாந்தின் ஃபோர்டு கார்ட்டினா, டேஷ்போர்டு வழியாகக் காற்றை உள்ளே விட்டு, பின்பக்கத் துளைகள் வழியாக வெளியேற்றும் புதிய முறையோடு வந்தது. பிறகு ஏ.சி. பரவியது. சின்னக் கண்ணாடிக்கு வேலை இல்லாமல் போனது. அதன் இடுக்கில் கம்பி விட்டுக் கதவைத் திறக்கும் திருடர்களுக்கு மட்டும் அது வருத்தமாக இருந்திருக்கும்.

இந்தியாவில் அது இன்னும் சில காலம் பிழைத்திருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்தபின் அம்பாசிடரும் பத்மினியும் மெல்ல ஓரம் கட்டப்பட்டன. 2014 மே மாதத்தில் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது.

பூச்சியைத் திருப்பிய பலகை

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று சாலை தெற்கே இறங்குகிறது. சவுக்குத் தோப்புகள் வந்து போகின்றன. பு.முட்லூரில் ஒரு பாதை பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிறது. வெள்ளாறு நெருங்க நெருங்க வயல்வெளி. பொழுது சாயும் நேரத்தில், அதுவும் மழை பெய்து ஓய்ந்த மாலையில், இந்த வழியாக வண்டி ஓட்டியவர்களுக்கு ஒரு தொல்லை தெரியும். ஹெட்லைட்டைப் போட்டதும் ஈசலும் பூச்சியும் கூட்டமாக வந்து கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். வைப்பர் போட்டால் இன்னும் மோசம். வெண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும்.

இதற்காகவே ஒரு உதிரி இருந்தது. பானெட்டின் முன்நுனியில், சாய்ந்து நிற்கும் ஒரு பிளாஸ்டிக் பலகை. சில சமயம் பச்சை, சில சமயம் ஆரஞ்சு, சில சமயம் புகை நிறம். எதிர்க்காற்றை மேல்நோக்கித் திருப்பி, அதோடு பூச்சிகளையும் கண்ணாடிக்கு மேலே அனுப்பிவிடுவது அதன் வேலை. அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இது மிகவும் பிரபலம். பறவை இறக்கை வடிவில்கூடச் செய்தார்கள். கோணிப்பையில் வளைந்த, நிறமுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு, கீழே இரண்டு உலோகப் பிடிகளோடு கிடைத்தால், அது உடைந்த பின்விளக்கு மூடி என்று தூக்கி எறிந்துவிட வேண்டாம்.

மழைக்கு ஒரு புருவம்

கடலூர் மாவட்டத்துக்கு மழை என்றால் வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் கதவுக் கண்ணாடியை ஏற்றினால் உள்ளே புழுங்கும். இறக்கினால் சட்டை நனையும். இரண்டுக்கும் நடுவே கிடைத்த வழி, கதவுக் கண்ணாடியின் மேல்விளிம்பில் புருவம் போல மாட்டும் பட்டை. இன்றைய கார்களில் கறுப்பு பிளாஸ்டிக்கில் வரும் டோர் வைசரின் தாத்தா அது.

பழையவை துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் வந்தன. கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைத்தாலும் மழைநீர் உள்ளே வராது. காற்று மட்டும் வெளியே போகும். மெல்லிய, நீண்ட, ஓரம் மடிக்கப்பட்ட தகடாக இருப்பதால், இதைத்தான் வெறும் பட்டை என்று நினைத்து முதலில் எடைக்குப் போடுகிறார்கள்.

கற்பூர வாசனை வரும் கார்

வெள்ளாற்றைக் கடந்தால் சிதம்பரம். ஊருக்குக் கிழக்கே அண்ணாமலை நகர். ராஜா சர் அண்ணாமலை செட்டியார் உருவாக்கிய பல்கலைக்கழகம் 1929-ல் தொடங்கியது. அந்தக் காலக்கட்டத்துச் சாலைகளில் கூரை மூடிய கார்கள் குறைவு. மடக்கும் துணிக்கூரை கொண்ட திறந்த டூரிங் கார்களே அதிகம். அவற்றின் பக்கவாட்டில் கண்ணாடியே இருக்காது. முன்கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றி வந்த காற்று நேராகக் கன்னத்தில் அறையும்.

அதைத் தடுக்க வந்தவைதான் காற்றுச் சிறகுகள். முன்கண்ணாடியின் இரு பக்கத் தூண்களிலும் பிடிபோட்டு மாட்டும் இரண்டு தடிமனான கண்ணாடிப் பலகைகள். வேண்டிய கோணத்துக்குத் திருப்பி, திருகை இறுக்கிக்கொள்ளலாம். விளிம்புகள் நிலைக்கண்ணாடி போலச் சரிவாகத் தேய்க்கப்பட்டிருக்கும். சிலவற்றில் பூவேலையும் உண்டு. பின்னாளில் வந்த சின்னக் கண்ணாடிக்கு இதுதான் முன்னோடி.

மழைக்கு, துணித் திரையில் கண்ணாடிக்குப் பதில் செல்லுலாய்டு தைத்திருப்பார்கள். அதை அடையாளம் காண ஒரு எளிய வழி உண்டு. ஓரத்தைக் கட்டைவிரலால் சூடேறும் வரை தேய்த்து முகர்ந்து பார்த்தால், லேசாகக் கற்பூர வாசனை வரும். செல்லுலாய்டு தயாரிப்பில் கற்பூரம் சேர்ப்பதுதான் காரணம். நெருப்பு வைத்துச் சோதிக்கக் கூடாது. கற்பூரம் போலவே குபீரென்று பற்றிக்கொள்ளும்.

கையில் எடுத்துப் பார்த்தால்...

ஓர் உதிரி கையில் கிடைத்தால், அது எந்தக் காலத்தது, அசலா, பின்னாளில் செய்ததா என்று சொல்ல அதனிடமே சாட்சிகள் இருக்கின்றன.

முதல் சாட்சி பளபளப்பு. 1920-களின் நடுப்பகுதி வரை கார்களில் நிக்கல் முலாம்தான். அதில் மெல்லிய மஞ்சள் சாயல் இருக்கும். பழைய வெள்ளிக் குத்துவிளக்கின் நிறம். அதற்குப் பிறகு குரோமியம் வந்தது. அதில் நீலச் சாயல். இரண்டையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது சாட்சி காந்தம். ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டால் பித்தளையாகவோ துத்தநாகக் கலவையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கலாம். வெளியே தெரியாத அடிப்பக்கத்தில் லேசாகச் சுரண்டினால், மஞ்சள் தெரிந்தால் பித்தளை, மங்கிய சாம்பல் தெரிந்தால் துத்தநாகக் கலவை.

கடலூரில் இதற்குச் சுரண்டவும் வேண்டாம். உப்புக்காற்றே காட்டிக்கொடுத்துவிடும். துத்தநாகக் கலவையின் மேல் உள்ள குரோமியம் சின்னச் சின்னக் கொப்புளங்களாகப் பொங்கியிருக்கும். பித்தளையின் விளிம்பில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். இரும்பு செம்பழுப்பாகத் துரு வடிக்கும். நல்ல எஃகு மட்டும் துடைத்தால் பளிச்சென்று ஆகும். கடற்கரையில் நின்ற காரும் உள்நாட்டில் நின்ற காரும் ஒரே வயதானாலும் ஒன்றாக மூப்படைவதில்லை. அதனால் கொப்புளங்களை மட்டும் வைத்து வயதைக் கணக்கிடக் கூடாது.

மூன்றாவது சாட்சி கண்ணாடியின் மூலையில் பொறித்திருக்கும் எழுத்து. இங்கிலாந்தின் ட்ரிப்ளெக்ஸ் கண்ணாடியில், எழுத்துகளுக்குக் கீழும் மேலும் வைத்த சிறு புள்ளிகள் அது தயாரான ஆண்டையும் காலாண்டையும் குறிக்கும். இந்தியக் கண்ணாடியில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 2553 என்ற தர எண்ணும் இருக்கலாம். ஒரு காரின் மற்றக் கண்ணாடிகளில் ஒரே குறியும், சின்னக் கண்ணாடியில் மட்டும் வேறு குறியும் இருந்தால், அது இடையில் மாற்றப்பட்டது என்று அறியலாம். எந்தக் குறியும் இல்லாமல் இருந்தால், சாதாரண ஜன்னல் கண்ணாடியை வெட்டி மாட்டியிருக்க வாய்ப்பு உண்டு. உடைந்தால் அது கத்தி போலச் சிதறும். அப்படிப்பட்ட கண்ணாடியோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சாலையில் போகக் கூடாது.

நான்காவது சாட்சி, பிளாஸ்டிக்கா கண்ணாடியா என்பது. கன்னத்தில் வைத்தால் கண்ணாடி சில்லென்று இருக்கும். நகத்தால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். அக்ரிலிக் சில்லென்று இருக்காது. ஒலி மந்தம். வெயிலில் கிடந்த அக்ரிலிக்கில் சிலந்தி வலை போல நுண்ணிய கீறல்கள் ஓடியிருக்கும். அதை மண்ணெண்ணெய், தின்னர் எதிலும் துடைக்கக் கூடாது. சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

கடைசி சாட்சி கார்தான். ஒரு துணைப்பொருள் கழன்று போயிருந்தாலும் அதன் தடம் நிற்கும். பானெட் நுனியில் இரண்டு துளைகள், கதவுச் சட்டத்தில் கோடு போன்ற தேய்மானம், முன்கண்ணாடித் தூணில் பட்டி பார்த்து மறைத்த திருகு ஓட்டை. அட்டையில் அச்சு வெட்டி, உதிரியையும் காரையும் பொருத்திப் பார்த்தால், இரண்டும் ஒன்றையொன்று பார்த்தவையா என்று தெரிந்துவிடும். அம்பாசிடர் கண்ணாடியும் ஃபியட் கண்ணாடியும் பார்வைக்கு உறவினர் போலத் தெரிந்தாலும், ஒன்றின் சட்டத்தில் மற்றது உட்காராது. இடது வலதும் அப்படித்தான்.

ஆள் மாறாட்டம்

இந்த உதிரிகளோடு குழப்பிக்கொள்ளும் வேறு சிலவும் பையில் இருக்கும். முன்கண்ணாடிக்கு மேலே தொப்பி விளிம்பு போல நீளும் அகலத் தகடு, வெயில் மறைப்பு. ஹெட்லைட்டுக்கு மேல் கண்ணிமை போல மாட்டும் அரைவட்டத் தகடு, அலங்காரம். இவை காற்றைத் திருப்பச் செய்தவை அல்ல. ஆனாலும் இவையும் அந்தக் காலத்தின் சொந்தங்களே. தனியாக எடுத்து வைப்பதில் தவறில்லை.

ஒரு பொருள் காரோடு தொழிற்சாலையிலிருந்தே வந்ததா, உரிமையாளர் பின்னால் வாங்கி மாட்டியதா என்ற வேறுபாடும் முக்கியம். சின்னக் கண்ணாடி காரின் உறுப்பு. அது இல்லாவிட்டால் காரில் ஓட்டை விழும். பூச்சித் தடுப்பும் கதவுப் புருவமும் நகைகள். இல்லாவிட்டாலும் கார் ஓடும். ஆனால் அந்த நகைதான், அந்த வீட்டுக்காரர் எந்தச் சாலையில், எந்த நேரத்தில், எந்தக் காற்றில் வண்டி ஓட்டினார் என்பதைச் சொல்லும்.

எடைக்குப் போடும் முன்

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. சவுக்கும் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அதற்கு முன் 2004-ல் சுனாமி, பிறகு 2015-ல் வெள்ளம். இத்தனைக்கும் தப்பி ஒரு பழைய காரின் உதிரிகள் ஒரு வீட்டில் மிஞ்சியிருந்தால், அதுவே பெரிய விஷயம்.

சட்டத்திலும் இப்போது அவற்றுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, அசல் வடிவம் மாறாத சொந்த உபயோக வாகனங்களை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். அதற்கென்று ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி எண் உண்டு. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டுகள், புதுப்பிக்க 5,000 ரூபாய் என்று அந்த விதி சொன்னது. அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டுபோகலாம். 1970-களின் தொடக்கத்தில் தென்னாற்காடு மாவட்டத்தில் ஓடத் தொடங்கிய கார்கள் இந்த வயதைத் தொட்டுவிட்டன. அசல் வடிவம் என்ற சொல்லுக்கு முன்னால், கோணிப்பையில் கிடக்கும் சின்னக் கண்ணாடிக்கு மதிப்பு கூடுகிறது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒவ்வொரு உதிரியையும் துடைத்து, இரண்டு பக்கமும் செல்போனில் படம் எடுத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து அளவு குறித்துக்கொள்ளலாம். எந்தக் காரினுடையது, இடதா வலதா, எந்த ஆண்டு வாங்கியது என்று வீட்டில் மூத்தவரிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவிடலாம். அந்தச் சீட்டில் உள்ளதைச் சொல்லக்கூடியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. ஒப்பிட்டுப் பார்க்க கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் மியூசியத்துக்கும், சென்னையில் 2023-ல் திறக்கப்பட்ட ஏவி.எம். ஹெரிட்டேஜ் மியூசியத்துக்கும் போகலாம். காணாமல்போன ஜோடியைத் தேட சென்னை புதுப்பேட்டை இருக்கிறது.

திரும்பும் வழியில்

சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றி நான்கு தேர் வீதிகள். ஆனியிலும் மார்கழியிலும் மரத்தேர் அசைந்து வரும் அந்த அகலமான வீதிகளில்தான் ஒரு காலத்தில் அம்பாசிடர்களும் ஃபியட்டுகளும் வரிசையாக நின்றன. பஞ்சபூதத் தலங்களில் இது ஆகாயத்துக்கு உரியது. திரையை விலக்கினால் உருவம் இல்லாத வெட்டவெளியைக் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு மரியாதை செய்வது இந்த ஊருக்குப் பழக்கம்தான்.

தரிசனம் முடிந்து, கீழ வீதியில் டிபன் சாப்பிட்டு, வண்டி கடலூருக்குத் திரும்பும்போது இருட்டியிருக்கும். இப்போது கார் வடக்கு நோக்கிப் போகிறது. கடல் வலது பக்கம். வரும்போது பக்கத்தில் இருந்தவருக்குக் கிடைத்த கொண்டல், இப்போது ஓட்டுபவரின் பக்கம். பின் சீட்டில் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். காற்று அவர்கள் மேல் படாமல் இருக்க, அப்பா பெரிய கண்ணாடியை முழுக்க ஏற்றிவிடுவார். தனக்குத் தூக்கம் வராமல் இருக்க, சின்னக் கண்ணாடியை மட்டும் ஒரு விரல் அளவு திறந்து வைத்துக்கொள்வார்.

கோணிப்பையில் இருக்கும் அந்த முக்கோணக் கண்ணாடியின் கொக்கி தேய்ந்திருந்தால், வலது பக்கத்துக் கொக்கியைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். அந்தத் தேய்மானம் அப்பாவின் விரல்.